ஸ்ப்ளைசிங் புரதங்களின் பரிணாமம்: வீட்டு லேப்டாப்பில் ஒரு எம்எஸ்சி புராஜெக்ட் செய்து முடிப்பது எப்படி

மரபணுவிலிருந்து படியெடுத்த ஆர்என்ஏவில் தேவையில்லாத இன்ட்ரான்களை வெட்டி எடுத்துவிட்டு, தேவையான எக்ஸான்களை ஒட்டுவதற்குப் பெயர் ஸ்ப்ளைசிங். எங்கே வெட்டுவது என்று அடையாளம் காண்பதற்கென்றே சில புரதங்கள் இருக்கின்றன. அந்தப் புரதங்கள் உயிரினத்துக்கு உயிரினம் எப்படி மாறின, அவற்றோடு சேர்ந்து வெட்டும் இடத்தின் எழுத்துகளும் (ஏ, சி, ஜி, டி என்ற மரபணு எழுத்துகள்) மாறியிருக்கின்றனவா? இதைத்தான் கடைசி செமஸ்டர் புராஜெக்டாக எடுத்தேன். வீடு கோபிசெட்டிபாளையம், கல்லூரி ஈரோட்டுப் பக்கம், கையில் 8 ஜிபி ராம் உள்ள லேப்டாப். தனி லேப், சர்வர் எதுவும் கிடையாது. முதல் இரண்டு மாதம் தப்பான எழுத்துகளை எண்ணிக்கொண்டிருந்தேன். அந்த இரண்டு மாதம் உங்களுக்கு மிச்சமாக வேண்டும் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

கோயம்புத்தூர், திருப்பூர், பல்லடம் பக்கத்துக்காரர்களுக்கு ஸ்ப்ளைசிங் என்ற சொல் புதிதாக இருக்காது. நூல் மில்லில் ஆட்டோகோனர் மெஷின் இருக்கிறதே, அதில் நூல் ஓடும்போது தடிமனோ மெலிவோ வந்தால் கிளியரர் கண்டுபிடித்து வெட்டிவிடும். அப்புறம் ஸ்ப்ளைசர் இரண்டு முனையையும் காற்றழுத்தத்தில் முடிச்சே தெரியாமல் ஒட்டும். என் அம்மா அந்த மெஷினில் ஒன்பது வருடம் நின்றவர். நான் புராஜெக்டை விளக்கிச் சொன்னபோது அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "ஏங் கண்ணு, எந்த எடத்துல வெட்டோணும்னு அதுக்கு எப்புடித் தெரியுது?" என் ஆய்வுக் கேள்வியும் அதுதான்.

ஒரு சொல் வசதி. இன்ட்ரானின் தொடக்கத்தை முன் வெட்டிடம் என்றும், முடிவைப் பின் வெட்டிடம் என்றும் எழுதுகிறேன். பாடப்புத்தகத்தில் 5 முனை, 3 முனை என்று இருக்கும். இரண்டும் ஒன்றே.

1. கேள்வியைச் சின்னதாக்குங்கள்

ஸ்ப்ளைசிங்கில் நூற்றுக்கும் மேற்பட்ட புரதங்கள் வேலை செய்கின்றன. "ஸ்ப்ளைசிங் புரதங்களின் பரிணாமம்" என்று தலைப்பு வைத்தால் பிஎச்டிக்கே அதிகம். ஒரு புரதக் குடும்பம், ஒரு வெட்டிடம். அதோடு நிறுத்துங்கள்.

நான் எடுத்தது லக்7 குடும்பம். முன் வெட்டிடத்தை முதலில் தொட்டுப் பார்ப்பது யூ1 என்ற சிறு ஆர்என்ஏ–புரதத் தொகுதி. யூ1 ஆர்என்ஏவின் முனையில் உள்ள எழுத்துகள் வெட்டிடத்தின் எழுத்துகளோடு ஜோடி சேரும். முழுசாக ஜோடி சேரும் வெட்டிடம் சிஏஜி | ஜிடிஏஏஜிடி என்று இருக்கும். கோட்டுக்கு இடப்பக்கம் எக்ஸான், வலப்பக்கம் இன்ட்ரான். ஆனால் உண்மையான வெட்டிடங்களில் பெரும்பாலானவை இப்படி முழுசாகப் பொருந்துவதில்லை. ஜோடி அரைகுறையாக இருக்கும் இடங்களில் லக்7 கைகொடுக்கிறது. ஈஸ்டின் யூ1 தொகுதியைப் படமெடுத்துப் பார்த்ததில், லக்7 புரதத்தின் இரண்டாவது துத்தநாக விரல் (துத்தநாக அணுவைப் பிடித்து மடிந்திருக்கும் சிறு பகுதி) அந்த ஜோடிக்குப் பக்கத்திலேயே நிற்பது தெரிந்திருக்கிறது.

மனிதனுக்கு இதில் மூன்று புரதங்கள்: லக்7எல், லக்7எல்2, லக்7எல்3. முதல் இரண்டும் நெருங்கிய உறவு. மூன்றாவது தனிக் கிளை. 2025-இல் நேச்சர் கம்யூனிகேஷன்ஸ் இதழில் வந்த ஆய்வு இவற்றுக்கு வேலைப் பங்கீடு இருப்பதைக் காட்டியது. இன்ட்ரான் பக்கம் நன்றாகப் பொருந்தும் வலக்கை வெட்டிடங்களுக்கு லக்7எல்2, லக்7எல் இரண்டும் உதவுகின்றன. எக்ஸான் பக்கம் நன்றாகப் பொருந்தும் இடக்கை வெட்டிடங்களுக்கு லக்7எல்3 உதவுகிறது. இந்த இரண்டு கிளைகளும் விலங்கும் தாவரமும் பிரிவதற்கு முன்பே பிரிந்துவிட்டன. அரபிடாப்சிஸ் செடியிலும் இதே பங்கீடு இருக்கிறது.

என் கேள்வியை இப்படி அமைத்தேன்: எந்த உயிரினத்தில் எந்தக் கிளை லக்7 இருக்கிறது, அங்கே முன் வெட்டிடங்கள் இடக்கையா வலக்கையா? மனிதன், பழ ஈ, இரண்டு ஈஸ்ட் (ரொட்டி ஈஸ்ட், பிளவு ஈஸ்ட்; வெறுமனே ஈஸ்ட் என்றால் ரொட்டி ஈஸ்ட்), அரபிடாப்சிஸ். இவற்றோடு எங்கள் தடப்பள்ளி வாய்க்கால் பாசனத்தில் விளையும் நெல்லையும் வாழையையும் சேர்த்துக்கொண்டேன். நம் ஊர்ப் பயிர் ஒன்றைச் சேர்ப்பதில் ஒரு நன்மை உண்டு. வைவாவில் "இதில் உன் பங்கு என்ன?" என்று கேட்டால் பதில் கையில் இருக்கும்.

2. காகித வேலையை முதல் வாரமே தொடங்குங்கள்

எனக்குத் தேவைப்பட்டவை: இரண்டு பக்கச் சினாப்சிஸ், வழிகாட்டியின் ஒப்புதல் கையெழுத்து, துறைத் தலைவர் கையெழுத்து, கடைசியில் கருத்துத்திருட்டுச் சோதனை அறிக்கை, போனஃபைடு சான்று.

இதில் ஒரு பொறி. என் தலைப்பில் "மனித மரபணு" என்று இருந்ததைப் பார்த்துவிட்டு, நெறிமுறைக் குழுவின் அனுமதிக் கடிதம் வேண்டும் என்று சொன்னார்கள். மூன்று வாரம் அலைந்தேன். கடைசியில் போதுமானதாக இருந்தது ஒரே ஒரு பக்கம்: "இந்த ஆய்வில் பயன்படுவது பொதுவில் வெளியிடப்பட்ட மேற்கோள் மரபணுத்தொகுதி (ரெஃபரன்ஸ் ஜீனோம்) மட்டுமே, எந்தத் தனிநபரிடமிருந்தும் ரத்தமோ, மாதிரியோ, மருத்துவக் குறிப்போ பெறப்படவில்லை" என்ற உறுதிமொழி, கீழே வழிகாட்டியின் கையெழுத்து. சினாப்சிஸோடு இதையும் சேர்த்தே கொடுத்துவிடுங்கள். ஒருவேளை நோயாளிகளின் தரவைத் தொடுவதாக இருந்தால் கதையே வேறு. அதற்கு உண்மையிலேயே அனுமதி வேண்டும், மாதக்கணக்கில் ஆகும், எம்எஸ்சி அளவில் போகாதீர்கள்.

3. தரவு இறக்குவது

எல்லாத் தரவும் இலவசம். மனிதனுக்கும் பழ ஈக்கும் என்செம்பிள் தளம், பயிர்களுக்கும் ஈஸ்டுக்கும் அதன் தாவர, பூஞ்சைத் தளங்கள். ஒவ்வொரு உயிரினத்துக்கும் இரண்டு கோப்பு போதும்: மரபணுத்தொகுதி எழுத்துகள் உள்ள ஃபாஸ்டா கோப்பு, எக்ஸான்களின் இடங்கள் உள்ள ஜிடிஎஃப் கோப்பு.

ஃபாஸ்டாவில் மூன்று வகை இருக்கும். டிஎன்ஏ என்பது அப்படியே உள்ளது. ஆர்எம் என்று முடிவதில் திரும்பத்திரும்ப வரும் பகுதிகளை என் என்ற எழுத்தால் அழித்திருப்பார்கள். அதை எடுக்கவே எடுக்காதீர்கள். எஸ்எம் என்று முடிவதில் அதே பகுதிகள் சிறிய எழுத்தில் இருக்கும். அதை எடுத்தால், எண்ணுவதற்கு முன் எல்லாவற்றையும் பெரிய எழுத்தாக மாற்றிக்கொள்ளுங்கள். நான் மாற்றவில்லை. பெரிய எழுத்து ஜிடி வேறு, சின்ன எழுத்து ஜிடி வேறு என்று கணினி எண்ணியது. மனிதனின் இன்ட்ரான்களில் ஒரு பகுதி ஜிடியில் தொடங்கவே இல்லை என்று ஒரு அட்டவணை வந்தது. உண்மையில் 98 சதவீதத்துக்கு மேல் ஜிடியில் தொடங்கி ஏஜியில் முடியும். மீதியில் அதிகம் ஜிசியில் தொடங்குபவை, சுமார் 1 சதவீதம்.

மனிதனுக்கு 'டாப்லெவல்' கோப்பை எடுக்காதீர்கள். மாற்று வடிவங்களையும் சேர்த்து மிகப் பெரிதாக வீங்கியிருக்கும். 'பிரைமரி அசெம்ப்ளி' போதும். சுருக்கிய நிலையில் 1 ஜிபிக்குள், விரித்தால் 3 ஜிபி. ஈஸ்டின் தொகுதி வெறும் 1.2 கோடி எழுத்து, ஒரு நிமிடத்தில் இறங்கிவிடும். அதனால் எல்லாப் பயிற்சியையும் ஈஸ்டில் செய்து பாருங்கள். மனிதனைக் கடைசியில் தொடுங்கள்.

ஃபாஸ்டாவும் ஜிடிஎஃபும் ஒரே வெளியீட்டு எண்ணில் இருக்க வேண்டும். எண்ணையும் இறக்கிய தேதியையும் அன்றைக்கே நோட்டில் எழுதிவையுங்கள். முதன்மைத் தளமும் தாவரத் தளமும் தனித்தனி எண் வைத்திருந்தன. மூன்று மாதம் கழித்து ஆய்வுமுறைப் பகுதி எழுதும்போது இதைத் தேடி உட்கார்ந்தால் ஒரு நாள் போய்விடும்.

கரண்ட் விஷயம். மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலை ஒன்பது மணிக்கு நிறுத்தினால் சாயங்காலம்தான் வரும். முந்தின நாள் பேப்பரில் ஊர்ப் பெயரோடு போடுவார்கள், பார்த்துக்கொள்ளுங்கள். பாதியில் நின்ற இறக்கத்தை விட்ட இடத்திலிருந்து தொடரும் தெரிவோடு டபிள்யூகெட் கட்டளையைப் பயன்படுத்துங்கள். இறக்கி முடித்ததும் கோப்பு முழுசா என்று சரிபார்க்க வேண்டும். என்செம்பிள் தரும் சரிபார்ப்பு எண் எம்டி5 அல்ல, லினக்ஸின் பழைய 'சம்' கட்டளை தரும் எண். எம்டி5 போட்டுப் பார்த்துவிட்டு, பொருந்தவில்லையே என்று மனிதக் கோப்பை நான் மூன்று முறை இறக்கினேன்.

4. வெட்டிடத்தின் ஒன்பது எழுத்தை எடுப்பது

இந்தப் படியில்தான் எல்லோரும் விழுகிறார்கள். இதற்கு மட்டும் மூன்று வாரம் ஒதுக்குங்கள்.

ஜிடிஎஃப் கோப்பில் இன்ட்ரான் என்று ஒரு வரிகூட இருக்காது. எக்ஸான்கள்தான் இருக்கும். ஒரு ஆர்என்ஏ படியின் அடுத்தடுத்த இரண்டு எக்ஸான்களுக்கு நடுவே உள்ள இடைவெளிதான் இன்ட்ரான். எக்ஸான் வரிகளையே எடுங்கள். சிடிஎஸ் (புரதமாக மாறும் பகுதி) வரிகளை எடுத்தால் புரதமாக மாறாத ஓரப் பகுதிகளில் உள்ள இன்ட்ரான்கள் விட்டுப்போகும்.

நமக்கு வேண்டியது எக்ஸானின் கடைசி 3 எழுத்தும் இன்ட்ரானின் முதல் 6 எழுத்தும், ஆக 9. இதில் இரண்டு பொறிகள் ஒன்றின்மேல் ஒன்றாக உட்கார்ந்திருக்கின்றன.

முதல் பொறி, எண்ணும் முறை. ஜிடிஎஃப் 1-இலிருந்து எண்ணும், இரண்டு ஓரமும் சேர்த்தி. இடத்தைக் கொடுத்தால் எழுத்தை எடுத்துத் தரும் பெட்டூல்ஸ் என்ற கருவி கேட்கும் பெட் கோப்பு 0-இலிருந்து எண்ணும், தொடக்கம் சேர்த்தி, முடிவு சேராது. இரண்டாவது பொறி, இழை. டிஎன்ஏவின் இரண்டு இழைகளில் மரபணு எதிரிழையில் இருந்தால் அதன் முதல் எக்ஸான்தான் பெரிய எண்ணில் இருக்கும். எழுத்துகளையும் திருப்பி, ஜோடி எழுத்தாக மாற்ற வேண்டும்.

ஒரு எடுத்துக்காட்டு. நேரிழையில் எக்ஸானின் கடைசி எண் 1000 என்று வைத்துக்கொள்ளுங்கள். பெட் கோப்பில் தொடக்கம் 997, முடிவு 1006. எதிரிழையில், இன்ட்ரானுக்கு முன்னால் உள்ள எக்ஸானின் சிறிய எண் 1000 என்றால், தொடக்கம் 993, முடிவு 1002. கழித்துப் பாருங்கள், இரண்டிலும் 9 வரும். பெட் கோப்பில் ஆறு பத்தி இருக்க வேண்டும், ஆறாவது பத்தியில் கூட்டல் அல்லது கழித்தல் குறி. எழுத்தெடுக்கும் கட்டளையில் இழையைக் கவனிக்கச் சொல்லும் 'எஸ்' தெரிவை மறக்கக் கூடாது. மறந்தால் பாதி எழுத்துகள் தலைகீழாக வரும். பிழை என்று எந்தச் செய்தியும் திரையில் வராது. எனக்கு இரண்டு மாதம் போனது இதில்தான்.

அதனால் லட்சக்கணக்கில் எண்ணுவதற்கு முன், விடை தெரிந்த இரண்டு மரபணுக்களை எடுத்துக் கையால் சரிபாருங்கள். இரண்டுமே எதிரிழையில் இருப்பவை என்பதால்தான் இவற்றைச் சொல்கிறேன்.

ஒன்று, ஈஸ்டின் ஆக்ட்1. ஒரே இன்ட்ரான், 309 எழுத்து. அதற்கு முன்னால் புரதமாக மாறும் பகுதியில் 10 எழுத்துதான் இருக்கும். நீங்கள் எடுக்கும் ஒன்பது எழுத்து சிடிஜி | ஜிடிஏடிஜிடி என்று வர வேண்டும்.

இன்னொன்று, மனிதனின் ஹெச்பிபி. ஹீமோகுளோபினின் பீட்டா சங்கிலிக்கான மரபணு, 11-ஆம் குரோமோசோமில் இருக்கிறது. முதல் இன்ட்ரான் 130 எழுத்து, இரண்டாவது 850. முதல் இன்ட்ரானின் முன் வெட்டிடம் சிஏஜி | ஜிடிடிஜிஜிடி. பின் முனை டிடிஏஜி என்று முடியும்.

இந்த ஹெச்பிபி வெட்டிடத்தைக் கொஞ்சம் நின்று பாருங்கள். எக்ஸான் பக்கம் மூன்று எழுத்தும் யூ1-க்குப் பொருந்துகின்றன. இன்ட்ரான் பக்கம் மூன்றாவதும் நான்காவதும் பொருந்தவில்லை. ஐந்தாவது ஜிதான் அந்தப் பக்கத்தைத் தாங்கிப் பிடிக்கிறது. அந்த ஜி மட்டும் சியாக மாறிவிட்டால் யூ1 பிடி நழுவி, பக்கத்தில் உள்ள மூன்று மறைவான இடங்களில் வெட்டு விழத் தொடங்குகிறது. சரியான பீட்டா சங்கிலி போதுமான அளவு உருவாவதில்லை. இந்தியாவில் பீட்டா தலசீமியாவுக்குக் காரணமான மாற்றங்களில் மிக அதிகமாகக் காணப்படுவது இந்த ஒரே எழுத்து மாற்றம்தான். மாதாமாதம் ரத்தம் ஏற்ற வரும் குழந்தைகளை மருத்துவமனை வராந்தாவில் பார்த்திருப்பீர்கள். அவர்களில் பலருக்கு நடந்திருப்பது இந்த ஐந்தாவது எழுத்தில்தான். இது தெரிந்த பிறகு ஒன்பது எழுத்தை வெறும் அட்டவணையாக என்னால் பார்க்க முடியவில்லை.

இரண்டு மரபணுவும் சரியாக வந்தால், அப்புறம் மொத்தமாக எடுத்து, ஜிடியில் தொடங்குபவை எத்தனை சதவீதம் என்று பாருங்கள். மனிதனில் 98-ஐவிட வெகுவாகக் குறைந்திருந்தால் எங்கோ பிழை இருக்கிறது, அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

5. இன்ட்ரான் போலத் தெரிபவற்றை வடிகட்டுவது

எல்லா இடைவெளியும் ஸ்ப்ளைசோசோம் (யூ1 போன்றவை சேர்ந்த ஸ்ப்ளைசிங் இயந்திரம்) வெட்டியதல்ல. இவற்றை நீக்குங்கள்:

மைட்டோகாண்ட்ரியாவிலும் பசுங்கணிகத்திலும் உள்ளவை. அவை வேறு வகை இன்ட்ரான்கள், வெட்டுப்படும் முறையே வேறு. குரோமோசோம் பெயர் பத்தியில் எம்டி, மைட்டோ, பிடி என்று இருக்கும்.

டிஆர்என்ஏ இன்ட்ரான்கள். ஈஸ்டில் சுமார் 60 டிஆர்என்ஏ மரபணுக்களில் உண்டு. அவற்றைத் தனி நொதிகள் வெட்டுகின்றன. புரதக் குறியீட்டு மரபணுக்களை மட்டும் வைத்துக்கொண்டால் இந்தத் தொல்லை இல்லை.

ஈஸ்டின் ஹாக்1. இது புரத மரபணுதான், ஆனால் இதன் இன்ட்ரானை ஐஆர்இ1 என்ற புரதம் வெட்டுகிறது. பெயர் சொல்லித் தனியாக நீக்க வேண்டும்.

ஒன்றிரண்டு எழுத்து நீளமுள்ள இடைவெளிகள். புரதம் படிக்கும் சட்டகம் நகரும் இடங்களைச் சில கோப்புகளில் இப்படிக் குறித்திருப்பார்கள். 20 எழுத்துக்குக் குறைவானது எதையும் தள்ளிவிடுங்கள்.

கடைசியாக இரட்டிப்பு. மனித மரபணு ஒன்றுக்குப் பத்துப் பதினைந்து ஆர்என்ஏ படிகள் இருக்கும். ஒரே இன்ட்ரான் பத்து முறை வரும். குரோமோசோம், தொடக்கம், முடிவு, இழை நான்கும் ஒன்றாக இருந்தால் ஒருமுறை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

வடிகட்டிய பிறகு ஈஸ்டில் சுமார் 300 இன்ட்ரான்கள் மிஞ்சும். பிளவு ஈஸ்டில் சுமார் 5,000. மனிதனில் லட்சத்தைத் தாண்டும். ஈஸ்டின் எண் குறைவாக இருக்கிறதே என்று பயப்படாதீர்கள். ஏறக்குறைய 6,000 மரபணு உள்ள அந்த உயிரிக்கு இருப்பதே அவ்வளவுதான்.

6. எண்ணுவது, படம் போடுவது

ஒவ்வொரு இடத்திலும் அதிகம் வரும் எழுத்தை உயரமாகக் காட்டும் கருவி வெப்லோகோ. அதில் ஒன்பது எழுத்துகளைக் கொடுத்தால் அழகான படம் (லோகோ) வரும். பெரும்பாலான புராஜெக்டுகள் அதை ஒட்டிவிட்டு அங்கேயே நின்றுவிடுகின்றன. இந்தக் கேள்விக்கு அது போதாது. ஏன் என்று சொல்கிறேன்.

மனிதனில் எக்ஸானின் கடைசி எழுத்து ஜியாக இருப்பது பத்தில் எட்டு. இன்ட்ரானின் ஐந்தாவது எழுத்து ஜியாக இருப்பதும் ஏறக்குறைய அதே அளவு. படத்தில் இரண்டும் உயரமாக நிற்கும். ஆனால் ஐந்தாவதில் ஜி இல்லாத வெட்டிடங்களை மட்டும் பிரித்துப் பாருங்கள். அவற்றில் எக்ஸானின் கடைசி எழுத்து ஏறக்குறைய எப்போதும் ஜி. ஒரு பக்கம் தளர்ந்தால் மறுபக்கம் இறுக்கிப் பிடிக்கிறது. தறியில் பாவு தளர்ந்தால் எடைக்கல்லைக் கூட்டுவதுபோல. இந்த உறவு படத்தில் தெரியவே தெரியாது, ஏனென்றால் படம் ஒவ்வொரு இடத்தையும் தனித்தனியாகச் சராசரி எடுக்கிறது.

அதனால் ஒரு நான்கு கட்ட அட்டவணை போடுங்கள். எக்ஸானின் கடைசி எழுத்து ஜியா இல்லையா, இன்ட்ரானின் ஐந்தாவது ஜியா இல்லையா. ஒவ்வொரு உயிரினத்துக்கும் தனி அட்டவணை. இடக்கை, வலக்கை என்ற பேச்சு அதில்தான் கண்ணுக்குத் தெரியும். ஈஸ்டின் அட்டவணையில் ஐந்தாவது ஜி இல்லாத கட்டங்கள் ஏறக்குறைய காலியாகக் கிடக்கும். அங்கே ஜிடிஏடிஜிடி என்ற வரிசை அவ்வளவு கெட்டியாகப் பிடித்து வைக்கப்பட்டிருக்கிறது. மனிதனின் அட்டவணையில் அந்தக் கட்டங்களில் நல்ல எண்ணிக்கை இருக்கும். வீட்டு மாடியில் ராத்திரி பதினொரு மணிக்கு இந்த இரண்டு அட்டவணையும் பக்கத்தில் பக்கத்தில் வந்தபோது, அதுவரை பட்டதெல்லாம் மறந்துபோனது.

மேக்ஸ்என்ட்ஸ்கேன் மதிப்பெண் பற்றி ஒரு எச்சரிக்கை. முன் வெட்டிடத்துக்கு 9 எழுத்தும், பின் வெட்டிடத்துக்கு 23 எழுத்தும் (இன்ட்ரான் 20, எக்ஸான் 3) கொடுத்தால் வெட்டிடத்தின் வலிமையைச் சொல்லும் கருவி இது. ஆனால் அது மனித வெட்டிடங்களைப் படித்துக் கற்றது. ஈஸ்டையோ நெல்லையோ அதில் போட்டு "இங்கே வெட்டிடங்கள் பலவீனம்" என்று எழுதிவிடாதீர்கள். ஒவ்வொரு உயிரினத்துக்கும் அதன் சொந்த எண்ணிக்கையிலிருந்தே எடை அட்டவணை தயாரிக்க வேண்டும். 300 இன்ட்ரான் இருந்தாலே அதற்குப் போதும்.

7. புரத மரம்

யூனிப்ராட் என்ற புரதத் தரவுத் தளத்தில் லக்7 குடும்பத்தின் அடையாளப் பகுதியை வைத்துத் தேடுங்கள், பெயரை வைத்துத் தேடாதீர்கள். லக்7எல்3-க்குக் கிராப் என்று இன்னொரு பழைய பெயர் உண்டு. பல பயிர்களில் பெயரே வைக்காமல் எண் மட்டும் இருக்கும்.

ஒத்த வரிசைகளைத் தேடித் தரும் பிளாஸ்ட் தேடலில் ஒரு பொறி. மனித லக்7 புரதங்களின் வால் பகுதியில் ஆர்ஜினினும் செரினும் மாறிமாறி நிறைய வரும். இதே மாதிரி வால் சம்பந்தமில்லாத பல ஸ்ப்ளைசிங் புரதங்களுக்கும் உண்டு. முழுப் புரதத்தையும் போட்டுத் தேடினால் அந்த வாலைப் பிடித்துக்கொண்டு ஊரில் உள்ளதெல்லாம் வந்து நிற்கும். எனக்கு முதல் தேடலில் முந்நூறுக்கு மேல் வந்தது, பாதி லக்7 இல்லை. இரண்டு துத்தநாக விரல்களும் உள்ள முன்பகுதியை மட்டும் வெட்டியெடுத்துத் தேடுங்கள். வரிசைப்படுத்துவதும் அந்தப் பகுதியில் மட்டும் போதும்.

வரிசைப்படுத்த மாஃப்ட், மரத்துக்கு ஐக்யூ-ட்ரீ. இரண்டும் இலவசம். அறுபது புரதம் அளவில் சாதாரண லேப்டாப்பில் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். அதிவேக பூட்ஸ்ட்ராப் (கிளைகளை எவ்வளவு நம்பலாம் என்று திரும்பத்திரும்பச் சோதிப்பது) 1,000 முறை வையுங்கள். இந்த முறையில் 95-க்கு மேல் வரும் கிளையைத்தான் நம்பலாம். பழைய பூட்ஸ்ட்ராப்புக்குச் சொல்லும் 70 என்ற அளவை இங்கே எழுதினால் வைவாவில் பிடிப்பார்கள்.

ஒரு உயிரினத்தில் லக்7எல்3 கிளை இல்லை என்று எழுதுவதற்கு முன், மரபணுத்தொகுதியிலேயே நேரடியாக ஒருமுறை தேடிவிடுங்கள். மரபணுப் பட்டியலில் விட்டுப்போயிருக்கலாம்.

8. மரத்தையும் அட்டவணையையும் சேர்ப்பது

மரத்தின் ஒவ்வொரு உயிரினப் பெயருக்கும் நேரே அதன் நான்கு கட்ட அட்டவணையை வையுங்கள். ஒரே பக்கத்தில். இந்தப் பக்கம்தான் உங்கள் புராஜெக்ட்.

இங்கே ஒரு பெரிய தப்பு நடக்கும். "லக்7எல்3 உள்ள பத்து உயிரினங்களில் இடக்கை வெட்டிடம் அதிகம், ஆகவே இது உறுதி" என்று எழுதத் தோன்றும். அந்தப் பத்தில் ஏழு பாலூட்டிகளாக இருந்தால் அது ஏழு சாட்சி ஆகாது. ஒரே கூட்டத்துப் பங்காளிகள் ஏழு பேரிடம் போய் "உங்கள் குலதெய்வம் எது?" என்று கேட்டுவிட்டு, ஏழு பேரும் ஒரே பதில் சொன்னார்கள் என்று வியப்பதைப் போன்றது அது. மூதாதையரிடமிருந்து வந்ததை எல்லோரும் வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். தொலைவான கிளைகளிலிருந்து தனித்தனியாக எடுங்கள். ஒரு கிளை லக்7 தொலைந்துபோனது எத்தனை முறை தனித்தனியாக நடந்திருக்கிறது என்று எண்ணுங்கள். அந்த எண்ணிக்கைதான் உங்கள் உண்மையான சாட்சிகளின் எண்ணிக்கை.

சேர்ந்து காணப்படுகின்றன என்பது வேறு, ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் என்பது வேறு. வெட்டிடத்தை மாற்றக்கூடியது லக்7 மட்டுமல்ல. யூ1-க்குப் பிறகு அதே இடத்தில் யூ6 ஆர்என்ஏ வந்து ஜோடி சேர்கிறது. யூ6-இன் ஒரு ஏ எழுத்தின்மேல் மீத்தைல் குறி வைக்கும் நொதி மனிதனிலும் அரபிடாப்சிஸிலும் பிளவு ஈஸ்டிலும் உண்டு. ரொட்டி ஈஸ்டில் அந்தக் குறி இல்லை. இன்ட்ரானின் நான்காவது எழுத்தில் தெரியும் வேறுபாட்டை லக்7-இன் கணக்கில் எழுதிவிடாதீர்கள். இதை விவாதப் பகுதியில் நானே எழுதிவைத்திருந்ததால், தேர்வாளர் கேட்டபோது பக்கத்தைத் திருப்பிக் காட்ட முடிந்தது.

9. செலவும் நாட்களும்

எனக்கு ஆன செலவு: 500 ஜிபி வெளி எஸ்எஸ்டி 4,200 ரூபாய், ஐந்து மாத இணையம் சுமார் 2,500, கலர் பக்கங்களோடு நான்கு பிரதி அச்சும் கெட்டி அட்டை பைண்டிங்கும் 2,800. மென்பொருளுக்கு ஒரு ரூபாய்கூட இல்லை. விண்டோஸ் லேப்டாப் என்றால் விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸ் ஓட்டும் டபிள்யூஎஸ்எல் வழியாக உபுண்டு போட்டுக்கொள்ளுங்கள், தனி லேப்டாப் வாங்க வேண்டாம். வெளியில் பணம் கொடுத்து "அனாலிசிஸ்" செய்து வாங்க வேண்டாம். பதினைந்தாயிரம் கேட்டார்கள் என்று என் வகுப்பில் ஒருவர் சொன்னார். வைவாவில் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான்.

நாட்கள்: டிசம்பரில் தலைப்பும் காகிதமும். ஜனவரி முதல் வாரம் தரவு, மீதி ஜனவரி நான்காம் படி. பிப்ரவரியில் வடிகட்டலும் எண்ணுவதும். மார்ச் முதல் பாதியில் புரத மரம், இரண்டாம் பாதியில் இரண்டையும் சேர்ப்பது. ஏப்ரல் முழுதும் எழுத. எழுதுவதற்கு இரண்டு வாரம் போதும் என்று நினைப்பீர்கள், போதாது. பைண்டிங் கடைகளில் ஏப்ரல் கடைசியில் எல்லாக் கல்லூரிக் கூட்டமும் ஒன்றாக வரும். ஒரு வாரம் முன்னதாகவே கொடுத்துவிடுங்கள். கலர்ப் படங்களை ஒரு பக்கம் மட்டும் அச்சடித்துப் பார்த்துவிட்டு மொத்தமாகச் சொல்லுங்கள். லோகோவில் ஜியின் மஞ்சள் நிறம் அச்சில் வெளிறிப்போய், என் முதல் பிரதியில் ஜி எங்கே என்றே தெரியவில்லை.

வைவாவுக்குப் போகும்போது ஹெச்பிபி முதல் இன்ட்ரானின் ஒன்பது எழுத்தை ஒரு தாளில் பெரிதாக எழுதி, கீழே யூ1-இன் எழுத்துகளை ஜோடி ஜோடியாக எழுதி எடுத்துப்போங்கள். வெளித்தேர்வாளர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "ஒரு வெட்டிடத்தைக் காட்டு, எங்கே வெட்டும் என்று சொல்" என்பதுதான். அந்தத் தாளை நீட்டினேன். அதை வைத்தே இருபது நிமிடம் பேசினோம்.